பிப்ரவரியில் வாயை மூடிக்கொண்ட கம்பெனிகள்

மௌனமாம். இத்தோடு நாலாவது தடவை சொல்லிவிட்டார், நான் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். சுவரில் இருக்கிற பெரிய திரையின் ஒரு மூலையில் டாக்டர் எட்வின் ஞானராஜின் முகம் தபால்தலை அளவுக்குத் தெரிகிறது, மீதி இடம் முழுக்க அவருடைய அட்டவணை. ஏதோ ஒரு குளிர்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்துகொண்டு கழுத்தைச் சுற்றி மப்ளர் போட்டுக்கொண்டு பேசுகிறார். இங்கே பெருங்குடியில் பகல் பதினொன்றே கால், கண்ணாடிக்கு வெளியே வெயில் காய்கிறது, உள்ளே ஏசி என் கணுக்காலைப் பிடித்து ஆட்டுகிறது. அவர் பேசுவது இங்கிலீஷில்தான். எனக்கு எல்லாம் தமிழாகத்தான் மண்டைக்குள் இறங்கும், கோபம் வந்தால் இன்னும் சீக்கிரம் இறங்கும். தென்மாவட்டத்துச் சின்னக் கம்பெனிகள் தங்கள் வருங்காலத்தைப் பற்றிப் பங்குதாரர்களிடம் வாயே திறப்பதில்லை, அவை மௌன நிறுவனங்கள் என்கிறார். எதை வைத்துச் சொல்கிறார்? எங்கள் டேட்டாபேஸை வைத்து. எங்கள் டேட்டாபேஸ் என்றால் யார்? பதினொரு வருஷமாக இந்தக் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருக்கிற நான். காலையில் எங்கள் மேனேஜர் ஸ்ரீவத்சன் சார் அவருடைய அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, காபி வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "மங்கை, கேள்வி நேரத்துல ஒண்ணே ஒண்ணுதான் கேப்பாங்க. காலியா இருக்கிற கட்டமெல்லாம் சரிபாத்ததுதானான்னு. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நீங்க சொன்னாத்தான் எடுபடும். மூணு வருஷக் கான்ட்ராக்ட் அந்த ஒரு வார்த்தையில நிக்குது, முப்பத்தெட்டுப் பேர் வேலையும் அதுல நிக்குது." இல்லை என்று சொன்னால் என் வேலை போய்விடும் என்று அவர் சொல்லவில்லை. அதற்குத்தான் காபி. பதினொரு வருஷத்தில் அந்த மனுஷன் எனக்கு வாங்கிக் கொடுத்த இரண்டாவது காபி அது, முதலாவது என்றைக்கு என்று நினைவில்லை, வேண்டாம், இப்போது அது எதற்கு.

ஒரு வார்த்தை. ஆமாம் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும், கொட்டாவி விடுகிற நேரம்கூட ஆகாது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்று அம்மா சொல்வாள். சட்டியில் என்ன இருக்கிறது என்று இந்த எட்வின் ஞானராஜ் ஒரு நாளாவது வந்து எட்டிப் பார்த்தாரா? வந்திருந்தால் காட்டியிருப்பேன். பெரிய கம்பெனிகள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை டெலிபோனில் கூட்டம் போடும், அடுத்த வருஷம் விற்பனை இவ்வளவு சதவீதம் கூடும், லாபம் இவ்வளவு வரும் என்று சொல்லும். ஆபீஸில் அதற்குக் கைடன்ஸ் என்று பேர். அந்தப் பேச்சைப் படித்து, சொன்ன எண்ணை எடுத்து, குறைந்தது இவ்வளவு கூடியது இவ்வளவு என்று கட்டத்தில் போட வேண்டும். எதுவும் சொல்லவில்லை என்றால் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், கட்டம் காலியாகிவிடும், கம்பெனி முடிந்தது, அடுத்தது. நாங்கள் அதைக் காலி போடுவது என்போம். ஒரு நாளைக்கு நாற்பத்தைந்து கம்பெனி முடிக்க வேண்டும். எண் உள்ள கம்பெனியும் ஒன்றுதான், காலியும் ஒன்றுதான். அரை மணி நேரம் படித்து எண் எடுத்தவளும் ஒன்று முடித்தாள், அரை வினாடியில் பொத்தானை அமுக்கியவளும் ஒன்று முடித்தாள். 'நாங்கள் பார்க்கவில்லை' என்று போடுவதற்கு வேறொரு பொத்தான் இருக்கிறது, இல்லாமல் இல்லை. அதை அமுக்கினால் வரிசை மஞ்சளாகும், சாயங்காலம் அந்த மஞ்சள் ஸ்ரீவத்சன் சார் மேஜைக்குப் போகும், மறுநாள் காலையில் நம் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். அந்தப் பொத்தானின் மேல் எழுத்துகூட அழியவில்லை, என் கீபோர்டில் போய்ப் பாருங்கள், புத்தம்புதிதாக இருக்கிறது. ஆக, அவன் பேசவில்லை என்பதும் காலி, நான் பார்க்கவில்லை என்பதும் காலி. இந்த இரண்டையும் ஒன்றாகக் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் அங்கே ஒருவர் மௌனம், மௌனம் என்று மப்ளரை இழுத்துவிட்டுக்கொள்கிறார்.

அட்டவணையில் இப்போது கம்பெனிப் பேர்கள் வரிசையாக இறங்குகின்றன, அதோ, பொன்வேல் நூற்பாலை, அருப்புக்கோட்டை. வாய் திறக்காத கம்பெனி என்று பேருக்கு நேரே சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறார். வயிறு எரிகிறது. நான் கேட்டேனய்யா, இந்த இரண்டு காதாலும் கேட்டேன். எங்கள் ஊர் அது, சில வருஷத்துக்கு முந்தி ஓர் ஆவணியில் என் தங்கச்சி கோமதிக்கு அங்கேதான் கல்யாணம், மறுநாள் காலையில் சமையல்காரர் விட்டுப்போன எங்கள் பித்தளை அண்டாவை எடுத்துவர மண்டபத்துக்குப் போனேன். முதல் நாள் மணமேடை இருந்த இடத்தில் ஒரு நீள மேஜை, அதன் மேல் வெள்ளைத் துணி, பின்னால் 'பங்குதாரர்கள் ஆண்டுப் பொதுக்கூட்டம்' என்று பேனர். எங்கள் வாழைமரம்கூட இன்னும் வாசலில் நின்றது, கூட்டத்துக்கும் அதுவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். ரிட்டையர்டு வாத்தியார்கள், மில்லில் வேலை பார்த்து ஓய்ந்தவர்கள், பத்துப் பங்கு இருபது பங்கு வைத்திருக்கிற பெண்கள், எல்லோரும் காலை ஒன்பது மணிக்கே வந்து மிக்சர் பொட்டலத்தையும் மைசூர்பாகு டப்பாவையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் அண்டாவை மறந்துவிட்டேன். தொழில் புத்தி, என்ன செய்ய, ஒரு கம்பெனிக்காரர் வாய் திறக்கப்போகிறார் என்றால் என் கை தானாகப் பேனாவைத் தேடும். சேர்மன் தங்கமாரியப்பன் எழுந்தார், கையில் காகிதம் இல்லை. "வர்ற வருசம் லாபம் இருக்காது. சும்மா ஒளிச்சி மறைச்சிப் பேச எனக்குத் தெரியாது. பருத்தி வெல இப்பிடியே போச்சுன்னா மே மாசத்துல ஒரு ஷிப்ட நிப்பாட்டிருவோம். விக்கிறது இன்னைக்கி நூறுன்னா வர்ற வருசம் எம்பது, அதுக்கு மேல நம்பாதீக" என்றார். பின் வரிசையில் ஒருவர் எழுந்து, "அப்ப டிவிடெண்டு?" என்றார். "கெடையாதுண்ணே." "மைசூர்பாகாவது அடுத்த வருசம் உண்டா?" மண்டபமே சிரித்தது, சேர்மனும் சிரித்தார், சிரித்துவிட்டு, "அது உண்டு, அது என் கைக்காசு" என்றார். பதினொரு வருஷத்தில் இப்படி ஒரு கைடன்ஸ் நான் எங்கேயும் கேட்டதில்லை. மே மாதத்தில் ஷிப்ட் நின்றது. விற்பனை எண்பத்திரண்டு. அவர் சொல் தப்பவில்லை.

அடுத்த திங்கட்கிழமை சென்னைக்கு வந்து ஸ்ரீவத்சன் சாரிடம் போய் நின்றேன். அந்தப் பேச்சு வெள்ளிக்கிழமை தமிழ்ப் பேப்பரில் மாவட்டப் பக்கத்தில் வந்திருந்தது, வெட்டி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். "தமிழ்ப் பேப்பர் நம்ம சோர்ஸ் லிஸ்ட்ல இல்லையே மங்கை. கல்யாண மண்டபத்துல பேசினதெல்லாம் எடுக்க ஆரம்பிச்சா அப்புறம் டீக்கடை பெஞ்சுல பேசினதையும் எடுக்கணும். காலி போட்டுட்டுப் போங்க." போட்டேன். என் கையால்தான் போட்டேன். அதே மத்தியானம் ஒரு பெரிய கம்பெனியின் டெலிபோன் கூட்டம். மேலதிகாரி ஐம்பது நிமிஷம் பேசினார். சூழலைக் கவனமாகப் பார்க்கிறோம், எச்சரிக்கையோடு கூடிய நம்பிக்கை வைத்திருக்கிறோம், பன்னிரண்டிலிருந்து பதினான்கு சதவீதம். மூன்று மாதம் கழித்து, சொன்னதை வாபஸ் வாங்குகிறோம் என்று ஒரு வரி. அவருக்கு எங்கள் டேட்டாபேஸில் ஒரு முழு வரிசை உண்டு, கீழ் எண், மேல் எண், நடு எண், புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம். வாபஸ் வாங்கியதற்குத் தனிக் கட்டம் வேறு. சொன்னபடி நடந்தவர் ஊமை, சொல்லிவிட்டு ஓடினவர் வாய்ப்பந்தல் போட்டவர், அவர் பேச்சுக்குத்தான் அட்டவணையில் சிம்மாசனம். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இருக்கிறது, நான் தினமும் அமுக்குகிறேன், அரை வினாடி வேலை. கோபத்தில் பேனா மூடியைக் கடித்திருக்கிறேன் போல, நாக்கில் பிளாஸ்டிக் துணுக்கு. ஸ்ரீவத்சன் சார் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார், தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்துகிறார். இந்த உபசாரம் எல்லாம் சிமென்ட் பூச்சு. பன்னிரண்டு மணி வரைக்கும் விரிசல் தெரியக்கூடாது.

இதோ, புதுப் படம். ஒரு கோடு இடமிருந்து வலமாக நிம்மதியாகப் போய்க்கொண்டிருக்கிறது, திடீரென்று ஒரு இடத்தில் கிணற்றில் விழுந்த மாதிரி விழுகிறது, மறுபடி மேலே வந்துவிடுகிறது. எட்வின் ஞானராஜுக்கு முகமெல்லாம் வெளிச்சம். "இதுதான் என் ஆய்வின் இதயம்" என்கிறார். தேர்தலுக்கு முந்தைய பிப்ரவரியில் தென்மாவட்டத்துக் கம்பெனிகள் முந்நூற்றுப் பதினெட்டு ஒரே நேரத்தில் வருங்காலத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டன. ஏன்? பயம். ஆட்சி மாறுமோ, வரி மாறுமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டன. இந்தப் பயத்தை முதல்முறையாக அளந்து காட்டியிருக்கிறோம், இது இன்ன அளவு, இத்தனை சதவீதம். கடன்மதிப்பீட்டு நிறுவனத்திலிருந்து வந்திருக்கிற ஒருவர் திரையின் இன்னொரு மூலையில் தலையாட்டுகிறார், அந்த மூன்று வருஷக் கான்ட்ராக்ட் இவர்களோடுதான், இந்தப் பட்டியலைத்தான் அவர்கள் எடுத்துக்கொள்ளப் போகிறார்களாம், பயந்து வாயை மூடுகிற கம்பெனிக்கு மதிப்பெண் குறையுமாம். அட கடவுளே, எவ்வளவு தைரியம், ஒரு காலிக் கட்டத்துக்குள் எட்டிப் பார்த்து அங்கே பயம் இருக்கிறது என்று சொல்ல, பயம் என்ன கட்டத்துக்குள்ளா உட்கார்ந்திருக்கும், யார் கொடுத்தார்கள் இவர்களுக்கு இந்த, இரு. பிப்ரவரியா சொன்னார்? தேர்தலுக்கு முந்தின பிப்ரவரி. எந்த வாரம்? கோட்டுக்கு அடியில் தேதி போட்டிருக்கிறது, சின்ன எழுத்து, கண்ணாடியை மேலே தள்ளிப் பார்க்கிறேன். பதினொன்றிலிருந்து பதினான்கு. வேறு யாராவது போட்டிருப்பார்கள். முப்பத்தெட்டுப் பேர் இருக்கிறோம், தெற்குப் பட்டியல் என்னிடம் மட்டுமா இருந்தது. மூன்றில் இரண்டு பங்கு என்னிடம்தான் இருந்தது. வேறு பிப்ரவரியாக இருக்கும். தேர்தலுக்கு முந்தின பிப்ரவரி ஒன்றுதான் இருக்க முடியும் மங்கையர்க்கரசி, தேதியை மறுபடி மறுபடி பார்த்தால் அது மாறிவிடுமா.

அம்மாவுக்கு இருதயத்தில் வால்வு மாற்றினார்கள். பதினோராம் தேதி சேர்த்தோம், பதின்மூன்றாம் தேதி ஆபரேஷன். லீவு கேட்டேன். "ரிசல்ட் சீசன் மங்கை, பதினாலாம் தேதி எல்லாக் கம்பெனிக்கும் கணக்கு வெளியிடக் கடைசி நாள், லீவு எப்படித் தர முடியும், லேப்டாப்ப எடுத்துட்டுப் போங்க, அங்கிருந்தே பண்ணுங்க" என்றார் ஸ்ரீவத்சன் சார். அன்றைக்குத்தான் முதல் காபி வாங்கிக் கொடுத்தார், ஆமாம், அன்றைக்குத்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் இரும்பு நாற்காலி, மடியில் லேப்டாப், செல்போனிலிருந்து நெட். ஒவ்வொரு தடவை ஆபரேஷன் தியேட்டர் கதவு திறக்கும்போதும் என் பேரைக் கூப்பிடப் போகிறார்கள் என்று எழுந்து நிற்பேன், வேறு யார் பேரையோ கூப்பிடுவார்கள், உட்காருவேன். அறிக்கையைத் திறந்தால் எழுத்து எழுத்தாகத் தெரியவில்லை, பூச்சி ஊர்கிற மாதிரி இருந்தது. கோமதி மாசமாக இருந்தாள், அவளை வரவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். கையெழுத்துப் போட நான் ஒருத்திதான். ஒரு காலி போட்டேன். இதைத் திறக்காவிட்டால் என்ன, எப்படியும் சின்னக் கம்பெனி, என்னத்தைச் சொல்லியிருக்கப் போகிறான் என்று இன்னொரு காலி. பிறகு பார்த்தால் அந்தப் பொத்தானை அமுக்குவது நன்றாக இருந்தது, வெட்கமாக இருக்கிறது சொல்ல, ஜெபமாலை உருட்டுகிற மாதிரி இருந்தது. அம்மா பிழைக்கட்டும், காலி. அம்மா பிழைக்கட்டும், காலி. நாலு நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு. கணக்கு எனக்குத் தெரியும், கடைசி நாள் சாயங்காலத்து அறிக்கையில் என் பேருக்கு நேரே பச்சை டிக் வைத்துப் பாராட்டு அனுப்பியிருந்தார்கள். பிறகு சரிபார்க்கலாம் என்று நினைத்தேன். அடுத்த காலாண்டு வந்தது, அதற்கடுத்தது வந்தது. அம்மா பிழைத்தாள், இப்போது வீட்டில் உட்கார்ந்து டிவியில் சீரியல் பார்த்துக்கொண்டு உப்புக் குறைவு என்று என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். நான்தான் அந்த வாரத்தை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டு, இத்தனை வருஷம் மற்றவர்கள் மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். தமிழ்ப் பேப்பரை எடுக்க மறுத்தார் என்று ஸ்ரீவத்சனைத் திட்டினேன். சட்டிக்குள் எட்டிப் பார்க்கவில்லை என்று இந்த மனிதரைத் திட்டினேன். சட்டி நான்தான்.

கேள்வி நேரத்துக்கு இன்னும் ஏழு நிமிஷம் இருக்கிறது. மேஜைக்கு அடியில் லேப்டாப்பைத் திறந்து அந்த வாரத்துப் பட்டியலில் முதல் கம்பெனியின் அறிக்கையைத் தேடி எடுத்தேன். தீப்பெட்டிக் காகிதம் செய்கிற சின்னக் கம்பெனி, சாத்தூர்ப் பக்கம். நாற்பது பக்கம். மூன்றாவது பக்கத்திலேயே இருக்கிறது, பட்டவர்த்தனமாக இருக்கிறது: அடுத்த காலாண்டில் உற்பத்தி எட்டு சதவீதம் குறையும் என எதிர்பார்க்கிறோம். இரண்டாவதைத் திறந்தேன், ஒன்றும் இல்லை, அவர்கள் நிஜமாகவே பேசவில்லை. மூன்றாவதில் இருக்கிறது, ஐந்தாவதில் இருக்கிறது. எல்லோரும் அவரவர் பாட்டுக்குப் பேசியிருக்கிறார்கள், பயந்தவன் மாதிரி ஒருவனும் தெரியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதை ஊரார் செய்தால் என்னமாய்ப் பேசுகிறோம். ஆமாம் என்று சொல்லிவிடலாம். முப்பத்தெட்டுப் பேர், அதில் பதினாறு பேருக்கு வீட்டுக் கடன், ரேணுகாவுக்கு இரட்டைக் குழந்தை. அம்மாவின் மாத்திரைக்கு மாதம் நாலாயிரம். ஆமாம் என்று சொன்னால் அந்த முந்நூற்றுப் பதினெட்டுக் கம்பெனிக்காரர்களுக்கு யார் சொல்லி, எதனால் மதிப்பெண் குறைந்தது என்று சாகும்வரை தெரியாது, என்னைத் தேடி யாரும் வரப்போவதில்லை. இந்த யோசனை வந்ததும் எனக்கு என் மேலேயே வந்த ஆத்திரம் இருக்கிறதே, அதைச் சொல்லி முடியாது. தேடி வரமாட்டார்கள் என்பதால்தானே எல்லோரும் எல்லாவற்றையும் செய்கிறார்கள்.

கேள்வி நேரம் வந்துவிட்டது. மதிப்பீட்டு நிறுவனத்துக்காரர்தான் கேட்டார், காலிக் கட்டங்கள் எல்லாம் ஆள் வைத்துச் சரிபார்த்தவைதானா என்று. ஸ்ரீவத்சன் சார் நிமிர்ந்து உட்கார்ந்து, எங்கள் மூத்த ஊழியர் மங்கையர்க்கரசி பதில் சொல்வார் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு மைக்கை என் பக்கம் தள்ளினார். காலையிலிருந்து ஒத்திகை பார்த்த இங்கிலீஷ் எங்கே போனதோ. "பாக்கல சார்" என்றேன். தமிழில்தான் வந்தது. ஸ்ரீவத்சன் சார், "மங்கை" என்றார், அவ்வளவுதான், அடித்தொண்டையில். திரையில் எட்வின் ஞானராஜ் முகத்தைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, அவரும் தமிழில், "நீங்க எந்த ஊரும்மா?" என்றார். அருப்புக்கோட்டை என்றேன். "நான் பாளையங்கோட்டை. பதறாம சொல்லுங்க, என்னத்தப் பாக்கல?" சொன்னேன். பார்க்காததற்கும் பேசாததற்கும் ஒரே காலிதான் என்பதைச் சொன்னேன், மஞ்சள் வரிசையைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார், கடைசியில் சிரித்தார், நல்ல சிரிப்புத்தான். "டேட்டான்னா கொஞ்சம் தூசி இருக்கத்தான் செய்யும். பத்துப் பதினஞ்சு கம்பெனி அப்பிடி இருந்தா என்ன, சராசரியில கரைஞ்சிரும். நீங்க இதுக்குப் போயி மனசப் போட்டு…"

"இருநூத்திப் பன்னெண்டு சார்" என்றேன். "நான் ஒருத்தி போட்டது மட்டும். எல்லாம் அந்தப் பிப்ரவரில, நீங்க காட்டுனீங்களே, அந்த நாலு நாள்ல."

இணைப்பைத் துண்டிக்க ஸ்ரீவத்சன் சாரின் கை மவுஸ் பக்கம் வந்தது, நான் என் கையை மவுஸ் மேல் வைத்துக்கொண்டேன். எட்வின் ஞானராஜ் மப்ளரைக் கழற்றி மேஜையில் வைத்தார். திரையில் அந்தக் கோடு அப்படியே நின்றது, கிணற்றில் விழுந்த இடத்தில் அவர் வைத்த அம்புக்குறியும் நின்றது.

"அப்ப, நான் பயம்னு எழுதியிருக்கிறது?" என்று கேட்டார்.

"பயம்தான் சார், அதை நீங்க சரியாத்தான் அளந்திருக்கீங்க" என்றேன். "ஆனா அது கம்பெனிங்க பயம் இல்ல. எங்கம்மாவுக்கு அன்னைக்கு ஆபரேஷன்."